சுழலாத மூட்டு

நாற்பது வயதான ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனை ஓட்டுகிறவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நெடுஞ்சாலையில் பக்கக் காற்று அடித்தால் வண்டி தடத்தில் நிற்பதில்லை. பெரிய லாரி கடந்துபோனால் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பிரேக்கை அழுத்தினால் வண்டியின் முகம் ஒரு பக்கமாகத் திரும்புகிறது. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது இருக்கைக்கு அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். முதலில் டயரை மாற்றுவார்கள். பிறகு ஷாக் அப்சார்பர். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டியரிங் ராக்கின் மேல் பழி விழும். சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் முனையில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ரப்பர் புஷ்களின் நினைவு கடைசியில்தான் வரும். அந்த ரப்பர் செத்துப்போன வண்டியில் மற்ற உறுப்புகள் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சக்கரம் வைத்த இடத்தில் நிற்காது.

புஷ் மாற்றுவது கடினமான வேலை என்று பெயரெடுத்திருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவது கடினம்தான். ஆனால் அதைவிட வருத்தமான ஒன்று உண்டு. அத்தனை பாடுபட்டு மாற்றிய புதுப் புஷ், சில மாதங்களில் பழையதைப் போலவே கிழிந்துவிடுவது. பொருள் மட்டமானது என்று திட்டுவார்கள். பல நேரங்களில் பொருளில் பிழை இருக்காது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் பூட்டியிருப்பார்கள்.

இங்கே நாம் பார்க்கப்போகும் வண்டி, டி3 எனப்படும் மூன்றாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர். 1979-இல் ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்சாலையில் வெளிவரத் தொடங்கி, ஐரோப்பாவில் 1992 வரையிலும் தென்னாப்பிரிக்காவில் 2002 வரையிலும் தயாரானது. அமெரிக்காவில் இதன் பெயர் வானகன். வீடன்ப்ரூக் நகரத்து வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் இந்த வேன்களை வாங்கி, உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, தொட்டி, தண்ணீர்க்கலம், அலமாரி எல்லாம் பொருத்தி, மேலே தூக்கி நிறுத்தும் கூரையும் வைத்து, ஒரு சிறு வீடாக்கி விற்றது. 1950-களின் தொடக்கத்திலிருந்தே அதற்கு இந்தத் தொழில் பழக்கம். இன்ஜின் பின்னால் இருக்கிறது. ஓட்டுநர் ஏறக்குறைய முன்சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். பயணத்துக்குச் சாமான் ஏற்றினால் மொத்த எடை 2 டன்னைத் தாண்டும்.

இதற்கு முந்தைய இரண்டு தலைமுறைகளின் முன் அச்சில் முறுக்குக் கம்பிகள்தான் ஸ்பிரிங். அந்த ஆர்ம்களுக்கு அவ்வப்போது கிரீஸ் அடித்தாக வேண்டும். டி3-இல் முன்னால் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்களும் சுருள் ஸ்பிரிங்கும் வந்தன. கீழ் ஆர்ம் முன்பின் நகராமல் இருக்க ரேடியஸ் ராட் என்ற ஒரு தண்டு. பின்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சாய்வாக அமைந்த ஒரு கனத்த ஆர்ம்; அது வண்டியின் சட்டத்தில் இரண்டு இடங்களில் பூட்டப்பட்டிருக்கிறது. ஆர்ம்களும் ரேடியஸ் ராடும் சட்டத்தைத் தொடும் இடங்களில் எல்லாம் ரப்பர். அங்கே கிரீஸ் நிப்பிள் இல்லை. கிரீஸுக்கு வேலையும் இல்லை.

ஆர்ம் புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகுக் குழாய்கள் தெரியும், இடையில் ரப்பர். வெளிக்குழாய் ஆர்மின் துளைக்குள் பிரஸ் போட்டு இறுக்கமாக ஏற்றப்படுகிறது. உள்குழாய் வழியாகப் போகும் போல்ட்டை முடுக்கினால், சட்டத்தின் இரண்டு காதுகளும் உள்குழாயின் இரு முனைகளையும் நெரித்துப் பிடித்துக்கொள்கின்றன. ரப்பரோ இரண்டு குழாய்களோடும் ஒட்டியே இருக்கிறது. அப்படியானால் ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது எது சுழல்கிறது? எதுவும் சுழல்வதில்லை. போல்ட் அசையாது, உள்குழாய் அசையாது, வெளிக்குழாய் ஆர்மோடு சேர்ந்து சில டிகிரி திரும்பும். அந்த வித்தியாசம் முழுவதையும் ரப்பர் தன் உடம்பில் முறுக்காக வாங்கிக்கொள்கிறது. கதவுக் கீலில் நடப்பதுபோல ஒரு பரப்பு இன்னொன்றின் மேல் வழுக்குவது இங்கே கிடையாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் புஷ் வேலையில் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

ஒரே ரப்பர் வளையம், சக்கரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு எளிதில் வளைந்துகொடுக்கவும் வேண்டும். பிரேக்கின் விசைக்கும் திருப்பத்தின் விசைக்கும் அசையாமல் நிற்கவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துத் தருவது ரப்பரின் ஒரு விசித்திரமான குணம். ரப்பரின் வடிவத்தை மாற்றுவது எளிது. கன அளவைக் குறைப்பது மிகமிகக் கடினம். தண்ணீர் பாக்கெட்டைக் கைக்குள் இறுக்கினால் அது விரலிடுக்கில் பிதுங்குமே தவிரச் சிறுத்துப்போகாது, ரப்பரும் அப்படித்தான். கன அளவு மாற்றத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, வடிவ மாற்றத்துக்குக் காட்டும் எதிர்ப்பைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். புஷ்ஷுக்குள் ரப்பர் இரண்டு எஃகுச் சுவர்களுக்கு நடுவே மெல்லிய அடுக்காக ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டில் நசுக்கினால் அது பிதுங்குவதற்கு இடம் குறைவு. ஆகவே கல் போல நிற்கிறது. அச்சைச் சுற்றி முறுக்கும்போது கன அளவு மாற வேண்டியதே இல்லை. ஆகவே இணங்கிக் கொடுக்கிறது.

பொறியாளர்கள் இந்தக் குணத்தைப் பாலங்களிலும் பயன்படுத்துகிறார்கள். ரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி அடுக்கிய தாங்கிகள் ஆயிரக்கணக்கான டன்னைச் சுமந்துகொண்டே, வெயிலில் பாலம் நீளும்போது பக்கவாட்டில் நகர்ந்துகொடுக்கின்றன. அமெரிக்காவில் நிலநடுக்கத்தைத் தாங்க ரப்பர் தாங்கிகளின் மேல் எழுப்பப்பட்ட முதல் கட்டடம், 1985-இல் கலிஃபோர்னியாவின் ரான்சோ குக்கமோங்காவில் கட்டி முடிக்கப்பட்ட ஒரு நீதிமன்ற வளாகம். அதன் அடியில் இருப்பதும் நம் வேனின் ஆர்மில் இருப்பதும் ஒரே இயற்பியல்.

முறுக்கப்பட்ட ரப்பர் ஏன் திரும்பி வருகிறது? ரப்பர் என்பது நீண்ட நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் தாறுமாறாகச் சுருண்டு கிடக்கும் ஒரு கூட்டம். இழுத்தால் சங்கிலிகள் ஓரளவு நேராகி வரிசைக்கு வருகின்றன. விட்டால் வெப்ப அசைவு அவற்றை மீண்டும் குலைத்துவிடுகிறது. எஃகு ஸ்பிரிங்கைத் திரும்பக் கொண்டுவருவது அணுக்களுக்கிடையிலான பிணைப்பு. ரப்பரைத் திரும்பக் கொண்டுவருவது, ஒழுங்கின்மையை நோக்கிய இயல்பு. ஆனால் சங்கிலிகள் ஒன்றையொன்று நழுவிக் கடந்துவிட்டால் திரும்பி வர வழியில்லை. 1839-இல் சார்ல்ஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அந்த நழுவலை நிறுத்தினார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே அங்கங்கே பாலமாக நின்று, முழுத் துண்டையும் ஒரே வலையாக்கிவிடுகின்றன. புஷ்ஷின் ஆயுள் என்பது அந்த வலையின் ஆயுள்தான்.

சஸ்பென்ஷன் புஷ்ஷுக்கு இன்றும் இயற்கை ரப்பரையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். காரணம் அழகானது. நன்றாக இழுபடும் இடத்தில் இயற்கை ரப்பரின் சங்கிலிகள் படிகமாகிவிடும். 1925-இல் காட்ஸ் என்ற ஆய்வாளர் எக்ஸ்-கதிர் மூலம் இதைக் கண்டுபிடித்தார். ஒரு விரிசலின் நுனியில்தான் இழுவிசை மிக அதிகம். ஆகவே அந்த நுனியிலேயே படிகம் உருவாகி, விரிசல் மேலே போகாமல் தடுக்கிறது. விசை நீங்கினால் படிகம் கரைந்துவிடும். இந்த வேன்கள் தயாரான 1980-களில் உலகத்துக்கு மிக அதிகமாக இயற்கை ரப்பர் கொடுத்த நாடு மலேசியா. அங்குள்ள ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவியவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். வாகன வரலாற்றை எழுதும் நூல்கள் வடிவமைப்பாளர்களின் பெயர்களைச் சொல்கின்றன, அவர்களைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் சாகிறது? ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1889-இல் ஒரு ரயில் பாலத்தூணின் மேல் இயற்கை ரப்பர்த் தகடுகள் வைத்தார்கள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஆராய்ந்தபோது, மேற்பரப்பில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கெட்டிருந்தது; உள்ளே ரப்பர் நலமாக இருந்தது. காற்றின் ஆக்சிஜனால் தடித்த ரப்பருக்குள் ஆழமாகப் போக முடியாது என்பதே அதன் ரகசியம். வேனின் புஷ்ஷுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் ரப்பர் மெல்லியது. இரு முனைகளிலும் காற்றுக்குத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு குண்டுகுழியிலும் முறுக்கப்படுகிறது. ஆக்சிஜன் சங்கிலிகளை வெட்டலாம், அல்லது தேவைக்கு அதிகமான பாலங்களைப் போட்டு ரப்பரைக் கெட்டியாக்கலாம். இரண்டுமே வலைக்குக் கேடு. இன்ஜினிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் அதை உறிஞ்சி உப்பி வலுவிழக்கும். பின்னால் இன்ஜின் உள்ள வண்டியில் பின்பக்கப் புஷ்களுக்கு இது உண்மையான ஆபத்து.

ஓசோன் இன்னொரு எதிரி. நாம் சுவாசிக்கும் காற்றில் நூறு கோடியில் சில பத்துப் பங்குதான் அது இருக்கிறது, அதுவே போதும். சும்மா கிடக்கும் ரப்பரை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில்தான், இழுப்புக்குக் குறுக்காக நுண்விரிசல்களைக் கீறுகிறது. தயாரிக்கும்போதே ரப்பரில் மெழுகும் காப்பு இரசாயனங்களும் கலப்பார்கள். அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து காவல் நிற்கும். நாற்பது ஆண்டில் அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும்.

கேம்பர் வேனுக்கே உரிய ஒரு துன்பமும் உண்டு. சாதாரண சரக்கு வேன் மாலையில் காலியாகிவிடும். கேம்பரில் அலமாரி, அடுப்பு, கட்டில், கூரை எல்லாம் இரவும் பகலும் இருக்கின்றன. குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கும்போதும் இருக்கின்றன. தொடர்ந்து ஒரே திசையில் நசுங்கிக் கிடக்கும் ரப்பர் மெல்லத் தளர்ந்து, அந்த வடிவத்திலேயே நிலைத்துவிடும். பழைய புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் உள்குழாய் நடுவில் இருக்காது. ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். ஓடிய தூரம் குறைவு என்று விளம்பரம் செய்யப்படும் கேம்பர்களை வாங்குகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. ரப்பருக்கு வயதாவது கிலோமீட்டரால் மட்டுமல்ல.

தேய்ந்ததைக் கண்டுபிடிக்க, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கடப்பாறை போன்ற நீண்ட லீவரை ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே கொடுத்து நெம்ப வேண்டும். நல்ல புஷ் கொஞ்சம் அசைந்து உடனே திரும்பும். செத்த புஷ்ஷில் உலோகம் உலோகத்தைத் தொடும் சத்தம் கேட்கும், அல்லது ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்து ஒரு கோடு தெரியும். ஜெர்மனியில் கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையிலும் ஆய்வாளர்கள் இந்த மூட்டுகளை விடுவதில்லை. மேற்பரப்பில் மட்டும் மயிரிழை விரிசல்கள் இருந்தால் பதற வேண்டாம். மெல்போர்ன் தகட்டைப் போல உள்ளே நன்றாக இருக்கலாம்.

கழற்றும் வேலையில் பெரிய தொல்லை பின் ஆர்மின் போல்ட்கள். உள்குழாய்க்கும் போல்ட்டுக்கும் இடையே தண்ணீர் புகுந்து, துரு வளர்ந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டிருக்கும். துரு தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். ஆகவே இறுக்கம் ஆண்டுக்கு ஆண்டு கூடும். வண்டி ஓடும்போது இதனால் ஒரு கெடுதலும் இல்லை, ஏனென்றால் அந்த இரண்டும் அசையவே கூடாதவை. கழற்றும் நாளில்தான் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயைச் சில நாள் முன்பிருந்தே ஊற்றிவரலாம். அதற்கும் அசையாவிட்டால், சட்டத்தின் காதுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ரம்பத்தை விட்டுப் போல்ட்டை அறுத்துவிடுவதே மரியாதையான வழி. போல்ட் புதிதாகக் கிடைக்கும். சட்டத்தின் காது கிடைக்காது. பின் ஆர்மை வெளியே எடுக்க ஆக்சில், பிரேக் குழாய், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாம் கழல வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் அளவு ஆற்றலைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்கக் கூடாது.

பழைய புஷ்ஷை ஆர்மிலிருந்து எடுக்கச் சிலர் ரப்பருக்குத் தீ வைப்பார்கள். அந்தக் கரும்புகையை மூச்சில் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ரப்பரைச் சுற்றிலும் துளையிட்டு உள்குழாயைப் பிடுங்கிவிட்டு, ரம்பப் பிளேடைத் துளைக்குள் நுழைத்து, வெளிக்குழாயை ஒரே இடத்தில் நெடுக்காக அறுத்தால் போதும், இறுக்கம் விட்டுப்போகும். பிளேடு ஆர்மின் உலோகத்தைத் தொடும் முன் நிறுத்திவிட வேண்டும். பிரஸ் வசதி இருந்தால் இன்னும் சுலபம்.

புதிதாக எதைப் போடுவது? ‘பழைய சரக்கு, பெட்டி பிரிக்காதது, கம்பெனி ஒரிஜினல்’ என்று 1980-களின் புஷ்களை விலை கூட்டி விற்பார்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பர் ஆக்சிஜனோடு வினை புரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அண்மையில் தயாரான நல்ல ரப்பர் புஷ் அதைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தது பாலியூரித்தேன். 1937-இல் லெவர்குசனில் ஓட்டோ பேயர் குழு உருவாக்கிய இந்தப் பொருள், எண்ணெய்க்கும் ஓசோனுக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் அந்தப் புஷ் வேலை செய்யும் விதமே வேறு. அது உள்குழாயோடு ஒட்டியிருப்பதில்லை. கிரீஸ் தடவிய குழாயின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. கிரீஸ் தீர்ந்தால் கிறீச்சிடும். ரப்பரைவிடக் கெட்டியானதால் சாலையின் அதிர்வையும் இரைச்சலையும் அதிகமாக உள்ளே அனுப்பும். அலமாரியும் பாத்திரமும் நிறைந்த வண்டியில் அது நாள் முழுதும் கேட்கும். தூங்கவும் சமைக்கவும் போகிற வண்டிக்கு ரப்பரே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன்.

ஏற்றும்போது வெப்பம் கொஞ்சம் கைகொடுக்கும். வெளிக்குழாயின் விட்டம் 40 மி.மீ. என்று கொள்வோம். 20 டிகிரியிலிருந்து ஃப்ரீசரின் மைனஸ் 18-க்குக் கொண்டுபோனால் எஃகு சுமார் 0.018 மி.மீ. சுருங்கும். ஆர்மை வெந்நீர்ச் சூட்டுக்கு, 70 டிகிரி அளவுக்கு, கொண்டுவந்தால் துளை 0.024 மி.மீ. விரியும். இரண்டும் சேர்ந்து 0.04 மி.மீ. சிறிய எண்தான். ஆனால் இறுக்கமே ஒரு மில்லிமீட்டரின் சில நூறில் ஒரு பங்குகளில் இருப்பதால், பிரஸ்ஸுக்கு வேண்டிய விசை கணிசமாகக் குறையும். இயற்கை ரப்பர் கண்ணாடி போல விறைப்பது சுமார் மைனஸ் 70 டிகிரியில். ஃப்ரீசர் அதை ஒன்றும் செய்யாது. சுத்தியலால் அடித்து ஏற்றினால் வெளிக்குழாய் நெளியும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும்; எண்ணெயும் கிரீஸும் வேண்டாம்.

இனி வருவதுதான் முக்கியமான இடம். ஆர்ம் ஏறிவிட்டது, போல்ட் நுழைந்துவிட்டது, வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்கிறது, சக்கரம் கீழே தொங்குகிறது. வேலை முடிந்த மகிழ்ச்சியில் அங்கேயே போல்ட்டை முழு இறுக்கத்துக்கு முடுக்கிவிடுவார்கள். உள்குழாய் பிடிபட்ட அந்தக் கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே ரப்பருக்கு இளைப்பாறும் நிலை. மற்ற எல்லாக் கோணங்களிலும் அது முறுக்கப்பட்டிருக்கும். ஆர்மின் நீளம் 45 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போடலாம். தொங்கும் சக்கரம் தரையில் நிற்கும் நிலைக்கு வர 12 செ.மீ. மேலே ஏறினால், ஆர்ம் சுமார் 15 டிகிரி திரும்பும். அதாவது வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் 15 டிகிரி முறுக்கில் இருக்கிறது. சாலையில் ஒரு மேட்டில் சக்கரம் மேலும் 8 செ.மீ. ஏறினால் இன்னும் 10 டிகிரி, மொத்தம் 25. வண்டி தன் காலில் நிற்கும்போது முடுக்கியிருந்தால் அதே மேட்டில் வெறும் 10 டிகிரிதான்.

முறுக்கு எல்லா இடத்திலும் சமமாக விழுவதும் இல்லை. உள்குழாயின் ஓரத்தில்தான் மிக அதிகம். உள்குழாயின் ஆரம் 10 மி.மீ., வெளிக்குழாயின் ஆரம் 20 மி.மீ. என்றால், 10 டிகிரியில் அந்த ஓரத்து ரப்பரின் உருத்திரிபு 50 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 25 டிகிரியில் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். ரப்பரின் களைப்பு உருத்திரிபோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. பல மடங்காகப் பாயும். போதாததற்கு, நிற்கும் வண்டியிலும் ரப்பர் இழுபட்டே இருப்பதால் ஓசோனுக்கு நாளெல்லாம் விருந்து. சில மாதங்களில் உள்குழாயைச் சுற்றி வட்டமாகக் கிழிசல் தோன்றுகிறது. தவறாக முடுக்கிய வண்டியைப் பார்வையிலேயே சில நேரம் கண்டுகொள்ளலாம். முறுக்கிய ரப்பர் கூடுதல் ஸ்பிரிங் போல வேலை செய்து, வண்டியை இயல்பைவிடச் சற்று உயரத்தில் நிறுத்தியிருக்கும்.

சரியான முறை எளிது. வேலை தொடங்கும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிவைக்க வேண்டும். பூட்டும்போது போல்ட்களைக் கைஇறுக்கத்தில் விட்டு, சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சிறிது உருட்டி, அந்தப் பழைய அளவு வந்த பிறகே கையேடு சொல்லும் முறுக்குவிசையில் முடுக்க வேண்டும். அடியில் நுழைய இடமில்லை என்றால் நான்கு சக்கரங்களும் சமமாக நிற்கும் குழியோ, டிரைவ்-ஆன் லிஃப்டோ உள்ள இடத்துக்குப் போவது நல்லது. பழைய ஸ்பிரிங்குகள் தளர்ந்து வண்டி தாழ்ந்திருந்தால், முதலில் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு அதன் பிறகு கிடைக்கும் உயரத்தில் முடுக்க வேண்டும். ரேடியஸ் ராடின் ரப்பர் வேறு வகை. தண்டின் முனையில் இரு பக்கமும் வாஷர்களுக்கு நடுவே நசுங்கியிருப்பது. அதற்கும் இதே நிலையில் முடுக்குவதே பாதுகாப்பு.

கடைசியில் வீல் அலைன்மென்ட். இது விருப்பத்துக்கு விடக்கூடியதல்ல. புது ரப்பர் சக்கரத்தைப் பழைய இடத்தில் நிறுத்தாது. செத்த புஷ்ஷுக்கு ஏற்ப யாரோ முன்பு திருப்பி வைத்த அளவுகளெல்லாம் இப்போது பிழையாகிவிடும். பெரும்பாலான கடைகளில் முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் டோ அளவை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவார்கள். டி3-இல் மேல் ஆர்மின் எக்சென்ட்ரிக் போல்ட் வழியாகச் சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வான கேம்பர் கோணத்தையும், ரேடியஸ் ராடின் நீளம் வழியாகத் திருப்பும் அச்சின் முன்பின் சாய்வான காஸ்டரையும் திருத்தலாம். பின்சக்கரங்களுக்கும் அளவு உண்டு. காற்றில் அலையும் வண்டிக்குக் காஸ்டர்தான் உயிர்நாடி. பிரேக் போடும்போது கீழ் ஆர்ம் பின்னுக்கு நகர்ந்து அதைக் குறைத்துவிடாமல் பிடித்துவைப்பதே ரேடியஸ் ராட் ரப்பரின் வேலை. நான்கு சக்கரங்களையும் அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வண்டி ஓடப்போகும் எடையில்தான் அளக்க வேண்டும் என்பதால், தண்ணீர்க்கலத்தை நிரப்பி, கேஸ் சிலிண்டரையும் படுக்கைக்கடியில் வழக்கமாக இருக்கும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டுதான் அந்தக் கடைக்குப் போக வேண்டும்.